சாம்பல் நிறத்துக்கு ஒரு வக்காலத்து

(பழைய மோட்டார் சைக்கிள் பிரியர்கள் சென்னையில் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த மேசைமேல் நேற்றைய பேப்பரை விரித்து ஒரு அலுமினிய மூடியை வைத்திருக்கிறேன். பின்வரிசைக்காரர்களுக்கு அது குழம்புச் சட்டியின் மூடி மாதிரித் தெரிந்தால் தப்பில்லை. பழைய புல்லட் 350-இன் இடது பக்க பிரைமரி கவர் இது. பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கினேன். நடுவில் டேப் ஒட்டி ஒரு பாதியை மட்டும் தேய்த்து மெருகேற்றியிருக்கிறேன். மறுபாதி கடையில் கிடந்த கோலத்திலேயே இருக்கிறது. பேசி முடித்ததும் உங்கள் கைக்கு வரும்.

பழைய இன்ஜினின் அலுமினியத்தைப் பளபளவென்று ஆக்குவது எப்படி என்று பேசச் சொல்லி அழைத்தார்கள். சொல்கிறேன். ஆனால் எங்கெல்லாம் பளபளக்க விடக் கூடாது என்று வாதாடவும்தான் வந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலை டீக்கடைகளில் வரிசையாக நிற்கும் பழைய புல்லட்டுகளைப் பாருங்கள். கிராங்க் கேஸ், ஹெட், ஃபின், கியர்பாக்ஸ் எல்லாம் ஒரே கண்ணாடி. கல்யாண மண்டபத்து எவர்சில்வர் குடம் தோற்றுப்போகும். திருவொற்றியூர் ஆலையிலிருந்து அப்படி ஒரு வண்டி வெளியே வந்ததில்லை.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். புல்லட் பிறந்தது இங்கிலாந்தில், ரெட்டிச் என்ற ஊரில். நம் ராணுவம் அதை விரும்பி வாங்கியதால் 1955-இல் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள். பிறகு பாகங்களையும் இங்கேயே செய்யத் தொடங்கினார்கள். 1967-இல் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது. நம்முடையது ஓடிக்கொண்டே இருந்தது. 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சிசி. 'இரும்பு இன்ஜின்' என்று நாம் செல்லமாகச் சொல்வது இதைத்தான். உண்மையில் அதில் பேரல்தான் வார்ப்பிரும்பு. ஹெட், கிராங்க் கேஸ், மூடிகள் எல்லாம் அலுமினியக் கலவை.

அந்த அலுமினியத்திலும் ஆலை இரண்டு சாதி வைத்திருந்தது. டைமிங் கவர், இதோ இந்த பிரைமரி கவர், கியர்பாக்ஸின் வெளி மூடி, தலைமேல் இருக்கும் இரண்டு ராக்கர் மூடிகள் ஆகியவை மெருகேற்றப்பட்டவை. கிராங்க் கேஸும் ஹெட்டும் வார்ப்பிலிருந்து வந்தபடியே சாம்பல் நிறத்தில் விடப்பட்டவை. உற்றுப் பார்த்தால் அவற்றின் தோலில் நைஸான ரவை தூவியது போல ஒரு சொரசொரப்பு இருக்கும். உருகிய உலோகம் அச்சில் உறைந்தபோது பதிந்த தடம் அது.

ஏன் அப்படி விட்டார்கள்? பாலிஷ் போட்டால் இன்ஜின் சூடாகும் என்று சிலர் சொல்வார்கள். மெருகேறிய அலுமினியம் வெப்பத்தைக் கதிர்வீசுவது குறைவு என்பது உண்மை. ஆனால் ஓடுகிற வண்டியில் சூட்டின் பெரும்பகுதியை எடுத்துப்போவது காற்று. ஆகவே அந்தக் காரணத்தை வைத்து நான் வாதாட மாட்டேன், தோற்றுவிடுவேன். கூலிக் கணக்கு என்று எடுத்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. பஃப் சக்கரம் போய்ச் சேரும் உருண்ட மூடிகளுக்கு மெருகு கிடைத்தது. சந்துபொந்து நிறைந்த கிராங்க் கேஸுக்குக் கிடைக்கவில்லை. காரணம் சிக்கனமாகவே இருக்கட்டும், விளைவு அழகாக அமைந்துவிட்டது. சாம்பல் பின்னணி இருப்பதால்தான் மூடிகள் எடுப்பாகத் தெரிகின்றன. எல்லாமே மின்னினால் கண் எங்கே நிற்பது?

மெருகு மட்டுமே உசத்தி என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு வண்டியையும் நினைவுபடுத்துகிறேன். 1948-இல் வந்த வின்சென்ட் பிளாக் ஷேடோ. அந்தக் காலத்தில் உலகின் வேகமான வண்டிகளில் ஒன்று. அதன் இன்ஜின் முழுக்கக் கறுப்பு எனாமல், பூசிச் சூளையில் வாட்டியது. அதைச் சுரண்டி வெள்ளையாக்குகிறவனை மன்னிக்க முடியுமா?

சரி, உலோகத்துக்கு வருவோம். அலுமினியம் துருப்பிடிக்காது என்பார்கள். பிடிக்கிறது, ஆனால் பிடித்த துருவே அதற்குச் சட்டையாகிவிடுகிறது. வெட்டிய மறுகணமே காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேலே ஒரு படலம் உருவாகிவிடும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகக் கூறுபோட்டால் அதில் நான்கைந்து கூறு அளவுதான் கனம். அந்தப் படலத்தின் பெயர் அலுமினியம் ஆக்சைடு. அதுவே பாறைக்குள் படிகமாக விளைந்தால் குருந்தம். அதில் துளி குரோமியம் சேர்ந்து சிவந்தால் மாணிக்கம். ஆங்கிலத்தில் 'கொரண்டம்' என்று சொல்வது நம்முடைய குருந்தம்தான், இங்கிருந்து போன சொல். நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில் அந்தக் கல் கிடைக்கிறது. அந்தக் காலத்துச் சாணைக்கல், குருந்தத் தூளை அரக்கில் குழைத்துச் செய்தது. இன்று கடையில் வாங்கும் எமரி பேப்பரில் ஒட்டியிருப்பதும் பெரும்பாலும் இதே சரக்குதான். அலுமினியத்தை அதன் துருவைக் கொண்டே தேய்க்கிறோம்!

இந்தச் சட்டையைக் கிழிப்பது உப்பு. சென்னை வாசிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. கடற்காற்று பட்ட மூடியில் முதலில் பவுடர் கொட்டியதுபோல வெள்ளையாகப் பூக்கும். துடைத்தால் போய்விடும், மழைக்குப் பிறகு திரும்ப வரும். கொஞ்ச நாளில் அந்த இடத்தில் குண்டூசி முனை அளவுக்குக் குழிகள். இதைவிட மோசம், மேலே கிளியர் லேக்கர் அடித்த மூடி. எங்கோ ஒரு கீறல் வழியாக ஈரம் உள்ளே போய், லேக்கருக்கு அடியில் புழு ஊர்ந்த தடம் மாதிரி கோடு கோடாக அரித்துக்கொண்டே போகும். மேலே கை வைத்தால் வழவழப்பாகத்தான் இருக்கும்.

நம் ஊரில் இதற்கெல்லாம் காலம் காலமாக ஒரே வைத்தியம் சில்வர் பெயிண்ட். வண்டி விற்கும் முன்பு இன்ஜின் முழுக்க ஒரு கை அடித்துவிடுவார்கள். நான் வாங்கிய ஒரு கிராங்க் கேஸில் நான்கு பூச்சு எண்ணினேன். நான்கு பேர் கைமாறிய வண்டி என்று ஆர்.சி. புத்தகத்தைப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

ஆக, முதல் வேலை சுத்தம் செய்வது. இன்ஜினைக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பிசுக்கு போனபின் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். பெயிண்டுக்கு பெயிண்ட் ரிமூவர் போதும். பிரஷ் நைலானாக இருக்கட்டும், அல்லது பித்தளைக் கம்பி. சாதாரண இரும்புக் கம்பி பிரஷைத் தொடவே தொடாதீர்கள். அதன் துணுக்குகள் மெத்தென்ற அலுமினியத்தில் பதிந்து, ஒரு மாதம் கழித்து அம்மைத் தழும்பு மாதிரி துரு கிளம்பும்.

இங்கே என் முட்டாள்தனங்கள் இரண்டைச் சொல்ல வேண்டும்.

ஒன்று, காஸ்டிக் சோடா. சாக்கடை அடைப்புக்கு வாங்கி வைத்திருந்தது. வெந்நீரில் கரைத்து ஒரு டைமிங் கவரை முக்கினேன். பாயசம் பொங்குகிற மாதிரி நுரைத்தது. நுரைத்தது ஹைட்ரஜன் என்று பின்னால்தான் உறைத்தது. பக்கத்தில் அடுப்பு எரியாதது என் அதிர்ஷ்டம். பத்து நிமிடம் கழித்து எடுத்தால் மூடி தோசைக்கல் மாதிரி கறுப்பு. காரணம் இதுதான்: வார்ப்பு அலுமினியத்தில் சிலிக்கான் கலந்திருக்கும். சாதாரணமாக 5 முதல் 12 சதவிகிதம் வரை. உருகிய உலோகம் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் தண்ணீராகப் பாய்வதற்காகச் சேர்ப்பது. காஸ்டிக் அலுமினியத்தைத் தின்றுவிட்டு, சிலிக்கானையும் செம்பையும் கரியாக மேலே விட்டுவிட்டுப் போகிறது. அந்தக் கரியை எடுக்க நைட்ரிக் அமிலம் வேண்டும். அது வீட்டில் புழங்குகிற பொருள் இல்லை.

இந்த விஷயம் என் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் வீட்டில் பித்தளையைச் சாம்பல் போட்டுத் தேய்ப்பார். அலுமினியக் குண்டானுக்குச் சாம்பல் ஆகாது, கறுத்துப்போகும் என்பார். சாம்பலில் காரம் இருக்கிறது. தக்காளி ரசம் வைத்த குண்டான் உள்ளே வெளுத்திருப்பதும், வெறும் வெந்நீர் காய்ச்சிய குண்டான் கறுத்திருப்பதும் இதே கணக்குதான். சென்னைக்கு அலுமினியப் பாத்திரத் தொழிலைக் கொண்டுவந்தவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். 1898-இல் எழும்பூர் ஓவியப் பள்ளியில் அதைத் தொடங்கினார். புல்லட் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே நம் சமையலறைகள் இந்த உலோகத்தைப் படித்துவிட்டன. நான்தான் கேட்கவில்லை.

இரண்டாவது முட்டாள்தனம் விலை கூடியது. என் முதல் புல்லட்டின் கிராங்க் கேஸை மணல் அடிக்கக் கொடுத்தேன். பட்டறையின் பெயர் வேண்டாம், தப்பு என்னுடையது. புதுசு மாதிரி ஒரே சீராக வெளுத்து வந்தது. மூன்று முறை மண்ணெண்ணெய் விட்டு அலசினேன். பூட்டினேன். 400 கிலோமீட்டர் கூட ஓடியிருக்காது, கீழேயிருந்து தட்டுகிற சத்தம். பிரித்தால் பிக் எண்டு போயிருந்தது. எண்ணெயை வெயிலில் பிடித்துப் பார்த்தேன், மினுமினுவென்று மணல்.

புல்லட்டை அறிந்தவர்களுக்கு இது புரியும். இந்த இன்ஜினுக்குத் தனி எண்ணெய்த் தொட்டி கிடையாது. கிராங்க் கேஸின் பின்பகுதியே தொட்டி. அதன் மூலையில் ஒட்டிய மணல் அலசினால் வராது. எண்ணெய் சூடானால் வரும். அதுவும் எங்கே போகும்? எண்ணெய் பம்புகள் டைமிங் கவரில் இருக்கின்றன. அங்கிருந்து துளை வழியாகக் கிராங்கின் பிக் எண்டுக்கு. பழைய புல்லட்டில் அது மிதக்கும் புஷ், உருளை பேரிங் கூடக் கிடையாது. ஒரு சிட்டிகை மணலுக்கு அதைவிட நல்ல இரை இல்லை.

இப்போது தண்ணீரும் கண்ணாடி மணியும் கலந்து அடிக்கும் முறை வந்திருக்கிறது. வெட்டிச் சுரண்டாமல் மேல்தோலை மெல்லத் தட்டிச் சீராக்கும். வார்ப்பின் சாம்பல் நிறம் அழகாகத் திரும்புகிறது, அழுக்கும் சீக்கிரம் ஒட்டுவதில்லை. சமையல் சோடாவை வீசி அடிப்பதும் உண்டு. மிச்சம் இருந்தாலும் தண்ணீரில் கரைந்துவிடும் என்பது அதில் நிம்மதி. எதுவானாலும் துளைகளையெல்லாம் அடைத்துவிட்டுக் கொடுங்கள், பேரிங் இருக்கைகளையும் கேஸ்கெட் முகங்களையும் மூடிவிட்டுக் கொடுங்கள். திரும்பி வந்ததும் ஒவ்வொரு துளையிலும் காற்றடித்து, பைப் கிளீனர் விட்டு எடுங்கள். அவசரமில்லாதவர்களுக்கு நைலான் பிரஷும் பாத்திர சோப்பும் நான்கு மாலை நேரமும் போதும். நான் இப்போது அதைத்தான் செய்கிறேன்.

இனி மெருகு. இந்த மூடிக்கு வருகிறேன்.

இதைக் கழற்றுவது சுலபம். இடது ஃபுட்ரெஸ்டையும் பிரேக் பெடலையும் எடுத்தால், நடுவில் ஒரே ஒரு நட். அதனால்தான் பலர் அந்த நட்டை மாடு மாதிரி முறுக்கி மூடியை வளைத்துவைத்திருப்பார்கள். முதலில் சமமான கண்ணாடிமேல் கவிழ்த்து வளைவு பாருங்கள். வளைந்த மூடியை எவ்வளவு மினுக்கினாலும் எண்ணெய் ஒழுகத்தான் செய்யும்.

பிறகு குழிகளைப் பாருங்கள். கீழ் விளிம்பில், தண்ணீர் தங்கும் இடத்தில்தான் ஆழமாக இருக்கும். எந்தப் பேப்பரில் தொடங்குவது என்பதை முடிவு செய்வது அந்த ஆழமான குழிதான். இதற்கு 240-ஆம் நம்பர் வாட்டர் பேப்பர் தேவைப்பட்டது. குழி இருக்கும் இடத்தை மட்டும் தேய்த்துப் பள்ளமாக்கிவிடாதீர்கள். மெருகேறியபின் டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்தால் விளக்கின் பிம்பம் அந்த இடத்தில் வாய்க்கால் மாதிரி நெளியும். சுற்றிலும் பரவலாகத் தேய்க்க வேண்டும். போகாத குழி ஒன்றிரண்டு இருந்தால் விட்டுவிடுங்கள். வயதான முகத்தில் மச்சம் இருக்கலாம்.

தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு. பேப்பர் அடைத்துக்கொள்ளாது. 240-ஐ மேலும் கீழுமாகத் தேய்த்தால், 400-ஐ இட வலமாகத் தேய்க்க வேண்டும். முந்தைய கோடு ஒன்று மிஞ்சியிருந்தால்கூட அடுத்த நம்பருக்குப் போகாதீர்கள். பிறகு 600 மறுபடி மேலும் கீழும், 800, 1000. இங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறோம். 600-இல் ஒரு மாதிரி வெளிச்சம் வந்துவிடும், கை தானாக பஃப் சக்கரத்தைத் தேடும். பொறுக்க வேண்டும். 240-இன் ஒரே ஒரு கோடு தப்பியிருந்தால், கடைசியில் மினுங்கும் பரப்பில் முதலில் கண்ணில் படுவது அதுதான். இந்தப் பாதி மூடிக்கு எனக்கு இரண்டு மாலைகள் ஆயின. சாம்பல் நிறச் சேறு நகக்கண்ணில் ஏறி, விரல் நுனி தேய்ந்து, மறுநாள் என் செல்போன் என் விரலை அடையாளம் காணவில்லை.

பஃப் அடிக்க நான் ஒரு பட்டறைக்குப் போகிறேன். சணல் சக்கரத்தில் காவி சோப்பு, பிறகு பஞ்சுத் துணிச் சக்கரத்தில் வெள்ளை சோப்பு. சோப்பு என்றால் குளிக்கிற சோப்பு அல்ல, மெழுகில் குழைத்த நைஸ் தூள். அங்கே இருக்கும் மேஸ்திரி முதல் நாளே என் கையுறையைக் கழற்றச் சொன்னார். துணி மாட்டினால் சக்கரம் கையோடு இழுத்துக்கொள்ளும். மூடியைச் சக்கரத்தின் கீழ்ப்பாதியில் பிடிக்க வேண்டும், விளிம்பு சக்கரத்தை எதிர்த்து நிற்கக் கூடாது. ஒருமுறை நான் அசந்தபோது மூடி கையைவிட்டுப் பறந்து சுவரில் மோதியது. "சார், மூடியை நீங்க பிடிச்சிருக்கீங்கன்னு நினைக்காதீங்க. சக்கரம் கொஞ்ச நேரம் உங்ககிட்ட குடுத்து வெச்சிருக்கு" என்றார்.

அந்தப் பட்டறையில் இரும்பு கிரைண்டிங் நடக்கும் மூலையில் அலுமினியம் பஃப் அடிக்க விட மாட்டார். சரியான பழக்கம். ரயில் தண்டவாளத்தை ஒட்டுவதற்கு எரிக்கிற கலவை, இரும்புத் துருவும் அலுமினியத் தூளும்தான். தரையில் இரண்டும் குவிந்து அதில் தீப்பொறி விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. வார்ப்பு மூடி எவ்வளவு உழைத்தாலும் குரோம் மாதிரி நீலக் கண்ணாடி ஆகாது. சிலிக்கான் துகள்கள் அலுமினியத்தைவிடக் கடினம். சுற்றியுள்ள உலோகம் தேய, அவை கொஞ்சம் துருத்தி நிற்கும். அதனால் மெருகுக்குள் ஒரு பால் கலந்த சாம்பல் தங்கும். அதையும் போக்கிவிட வேண்டும் என்று மணிக்கணக்கில் பஃப் அடித்தால், விளிம்புகள் சோப்புக்கட்டி மாதிரி மழுங்கும், ஸ்க்ரூ துளைகள் கிண்ணமாகும், வார்ப்பில் எழுத்து இருந்தால் தேய்ந்துபோன காசாகிவிடும். நிறுத்த வேண்டிய இடம் அந்தப் பால் சாம்பல்தான். ஆலையிலும் அங்கேதான் நிறுத்தினார்கள்.

இன்ஜின் நம்பர் இருக்கும் இடத்துக்கு மட்டும் நான் துணியைக்கூடப் பயந்து பயந்துதான் கொண்டுபோவேன். கிராங்க் கேஸில் கையால் அடித்த நம்பர். அதன்மேல் பஃப் ஓட்டி எண்கள் மங்கிய வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸில் நிறுத்திப் பாருங்கள். திருட்டு வண்டி இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் ஏறிவிடும்.

மெருகேற்றிய பிறகு என்ன செய்வது? மூடியில் ஒட்டிய சோப்பு மெழுகைச் சாக்குப்பொடி தூவித் துடைத்தால் வந்துவிடும். லேக்கர் அடிக்கவா என்று கேட்பீர்கள். நான் அடிப்பதில்லை. சூடும் எண்ணெயும் பட்டு மஞ்சளாகும், பிறகு நான் முன்பு சொன்ன புழு ஊரும். கார் மெழுகு ஒரு பூச்சு, மாதம் ஒருமுறை மெட்டல் பாலிஷ் தொட்டு ஒரு துடைப்பு. கடற்கரைப் பக்கம் போய்வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவுவது. அவ்வளவுதான். சோம்பேறித்தனம் இருந்தால் மெருகு குறையும். குறைந்தால் 1000-ஆம் நம்பரிலிருந்து திரும்பத் தொடங்கலாம். கிராங்க் கேஸைக் கண்ணாடியாக்கிவிட்டீர்களானால் திரும்பிப் போக வழி கிடையாது. அச்சு பதித்த தோல் அச்சோடு போய்விட்டது.

இனி மூடி உங்களிடம். முன்வரிசையிலிருந்து கைமாற்றிக் கொடுங்கள். மோதிரம் போட்டிருப்பவர்கள் கழற்றிவிட்டு வாங்குங்கள், ஒரு கீறலுக்கு எனக்கு அரை நாள் கூலி. டேப் இருந்த கோட்டின் மேல் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டிப் பாருங்கள், இரண்டு பக்கமும் தெரியும். பின்வரிசை போய்த் திரும்பி வரும்போது மெருகேறிய பாதி முழுக்க எல்லார் கைரேகையும் இருக்கும். பரவாயில்லை, துணி கொண்டுவந்திருக்கிறேன்.